மச்சானுக்கு ஒரு போர்ட் ஒயின்

இதில் யார் பெயரும் வராது. அது என் மச்சான் போட்ட நிபந்தனை. "எழுதிக்கோ மாப்ள. பேரு மட்டும் போட்ட, நிச்சயத்துக்கு வந்தவன் கல்யாணத்துக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். என் மனைவி நான் எழுதுவதைப் படிப்பதில்லை. சொந்தக்காரர்களும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திருவொற்றியூர்க்காரர். முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் ஸ்டூவர்டாக இருந்தவர். அதாவது கேப்டனுக்கும் ஆபீசர்களுக்கும் மேஜை போட்டு, பரிமாறி, கிளாஸ் துடைத்து அடுக்கும் வேலை. கரைக்கு வந்து பல வருஷமாகியும் இடது முன்கையில் ஒரு வெள்ளை டவலை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்குவார். மீன் வாங்கப் போனாலும் அது அங்கேதான் இருக்கும். மீன்கார அம்மா ஒரு முறை கை துடைக்கக் கேட்டாளாம். கொடுக்கவில்லை.

நான் ராயபுரம். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடும் ஆபீஸ் ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாக நாற்காலி தேய்க்கிறேன். மற்ற நேரத்தில் புத்தகம் படிப்பேன். இளம் வயதில் பழைய இங்கிலீஷ் நாவல்களை அளவுக்கு மீறிப் படித்துவிட்டதால், கணப்படுப்பு முன்னால் உட்கார்ந்து போர்ட் ஒயின் குடிக்கும் பிரபுக்களோடு எனக்கு நல்ல பழக்கம். ஒயினோடுதான் பழக்கம் இல்லை. வடசென்னை வெயிலில் கணப்படுப்பு முன்னால் உட்காரும் அவசியமும் எனக்கு வந்ததில்லை.

நிஜ போர்ட்டை எனக்குக் காட்டியவர் மச்சான்தான். ஒவ்வொரு தடவை கப்பலை விட்டு இறங்கும்போதும் ஒரே ஒரு பாட்டில் கொண்டுவருவார். அடர்ந்த சிவப்பு, நல்ல இனிப்பு, குடித்தால் நெஞ்சில் ஒரு சின்னக் கதகதப்பு. எங்கள் கல்யாணத்துக்கு ஒன்று வந்தது. மகள் பிறந்தபோது ஒன்று வந்தது. "ரத்தம் ஊறும், தெனம் ரெண்டு மூடி குடி" என்று தங்கச்சியிடம் கொடுத்தார். பிராந்தி என்ற வார்த்தையைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் என் மாமியார்கூட, இதை மருந்து என்று சொல்லி முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாவது ரவுண்டு கேட்பார். குட்டி எவர்சில்வர் டம்ளர்களில் ஆளுக்கு இரண்டு விரல் உயரம், மச்சான் கையாலேயே ஊற்றுவார். எங்கள் குடும்பத்தில் ஒரு விசேஷம் முடிந்தது என்பதற்கு அடையாளம் அதுதான்.

அதை நான்தான் கெடுத்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு பேர். ஃபேன் சுற்றியும் காற்று வராத வெயில். மச்சான் வழக்கம்போல டவலோடு எழுந்து, "இது இருவது வருசப் பழசு" என்று அறிவித்து, பாட்டிலை ஒரு கண்ணாடி ஜக்கில் ஊற்றி வைத்துவிட்டு டம்ளர்களைத் துடைக்கத் தொடங்கினார். எனக்குப் பன்னிரண்டு பேருக்குப் பத்தாதே என்று கவலை. ஃபிரிட்ஜில் ஜில்லென்று இருந்த பன்னீர் சோடாவை எடுத்து, ஒரு பாட்டில் முழுக்க, ஜக்கில் கொட்டிவிட்டேன். ரோஸ் வாசனை வீடெல்லாம் பரவியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, எதிரில் பன்னிரண்டு பேர் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று தெரியாமல் சொன்னேன்:

"இன்னா மச்சான், நாட்டு மருந்துக் கடை திராட்சாரிஷ்டம் மாதிரியே கீதே!"

பசி எடுக்கவும் ரத்தம் ஊறவும் திராட்சையைப் புளிக்கவைத்துச் செய்வார்களே, பழுப்பு பாட்டில், வருஷம் பூராவும் மருந்துக் கடை அலமாரியில் நிற்கும், அந்த அரிஷ்டம். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். மச்சான் மட்டும் டவலை எடுத்து எட்டாக மடித்தார். "கெளம்புறேன்" என்றார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காருபவர், பிரியாணி சாப்பிடாமலே போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

"பன்னீர் சோடாய்யா! இருவது வருசப் பழச எடுத்து பன்னீர் சோடா ஊத்துவானா ஒரு மனுசன்?" என்பது என் மனைவியின் தீர்ப்பு. நான்கு வருஷமாக மாதம் ஒரு முறை இந்தத் தீர்ப்பு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நானும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

இப்போது மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டு மேடைக்குக் கூட்டிவர வேண்டும். மனைவி போனில் கூப்பிட்டாள். "பாக்கலாம்மா" என்றாராம் மச்சான். அவர்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமான முதல் ஐந்து வருஷம் அவள் என்னை 'நீங்க' என்பாள். பிறகு 'நீ'. இப்போதெல்லாம் 'நீங்க' வந்தால் கோபம் என்று பொருள்.

"நீங்கதான கெடுத்தீங்க? நீங்களே போய் சரி பண்ணுங்க. நல்ல போர்ட்டு ஒண்ணு வாங்கினு போய் எங்கண்ணன் முன்னாடி வெச்சு மன்னிப்பு கேளுங்க. அவரு வரலைன்னா நான் அந்த மேடையில ஏறமாட்டேன். உங்க பொண்ணு, நீங்களே மாலை போட்டுக்குங்க."

மகள் உள்ளேயிருந்து, "அம்மா, அப்பா போனா இருக்கிற சண்ட இன்னும் பெருசாவும். கூரியர்ல அனுப்பு" என்றாள்.

"கூரியர்ல ஒயினு அனுப்பமுடியாதுடி."

"நான் அப்பாவ சொன்னேன். வாயில டேப்பு ஒட்டி அனுப்பலாம்ல."

ஆக, மூன்று வாரத்துக்குள் ஒரு நல்ல போர்ட் பாட்டில் வேண்டும். அது என் கைக்கு எட்டும் விலையிலும் இருக்க வேண்டும். மண்டபம், சமையல்காரர், போட்டோக்காரர் எல்லோரும் போக என்னிடம் மிச்சம் இருந்தது மூக்குக் கண்ணாடிக்குப் புது ஃபிரேம் போட எடுத்து வைத்திருந்த பணம் மட்டும். பழைய ஃபிரேமின் இடது காது பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டு, என்னைவிடப் பொறுமையாக வாழ்ந்துகொண்டிருந்தது.

முதலில் தண்டையார்பேட்டையில் இருக்கும் கடைக்குப் போனேன். ஊரில் அதை ஒயின் ஷாப்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மத்தியான நேரம். கம்பி வலைக்கு உள்ளே ஒரு முகம், எனக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர்.

"இன்னா வோணும்?"

"போர்ட் ஒயின்."

வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. பின்னால் ஒருவர் இன்னொருவரிடம், "ஒயின் ஷாப்புல வந்து ஒயினு கேக்குறாரு பாருடா" என்றார், பரிதாபப்பட்ட குரலில்.

"யாருக்கு நைனா? புள்ள பெத்தவங்களுக்கா?" என்று உள்ளேயிருந்த முகம் கேட்டது. இந்தப் பக்கத்தில் அதற்கு மட்டும்தான் போர்ட் கேட்டு வருவார்களாம்.

"இல்லப்பா. மச்சானுக்கு."

"மச்சானுக்கு இன்னா, பிரசவமா?"

வரிசையே சிரித்தது. அந்த முகம் உள்ளே போய், எங்கோ அடி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து ஊதியது. தூசு என் கண்ணாடியில் படிந்தது. விலை மிகவும் நியாயமாக இருந்தது. அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டில் திறந்து, மனைவிக்கு ஒரு டம்ளரில் கொடுத்தேன். அவள் முகர்ந்தாள், நக்கினாள், யோசித்தாள்.

"பாப்பாக்கு ரெண்டு வயசுல இருமல் மருந்து குட்தாரே டாக்டரு, அதே கலரு."

"ருசி?"

"அது இதவிட நல்லா இருந்துச்சு."

மறுநாள் அந்த பாட்டில் சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. பித்தளைக் குடம் முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது. நான் காரணம் கேட்கவில்லை.

இரண்டாவது வழி தானாக வந்தது. எங்கள் ஆபீஸுக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் ஒருவர் உண்டு. எந்தப் பொருளைக் கேட்டாலும் அதன் அண்ணன் தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் ரகம். நான் போர்ட் தேடுகிறேன் என்று கேள்விப்பட்டு மேஜையருகில் வந்து குனிந்தார்.

"சார், கப்பல்ல இருந்து எறங்குனது ஒண்ணு கீது. அசல் ஃபாரினு. பாதி விலை. உனக்காவ."

இருபத்தெட்டு வருஷம் கஸ்டம்ஸ் பேப்பர் போட்டவனிடம் வந்து, பேப்பர் இல்லாத சரக்கை விற்கிறார். ஆனால் பாதி விலை. "பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். "வூட்டுக்கு எடுத்துனு போய் நிதானமா பாரு சார், நீ எங்க ஓடப்போற" என்று கொடுத்துவிட்டார். லேபிள், அரக்கு நிற மூடி, எல்லாம் நாவலில் வருவது போலவே இருந்தது. என் ஞானம் அதற்கு மேல் போகாது. அதனால் அதைச் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வண்ணாரப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் பழைய பாட்டில் கடைக்குப் போனேன்.

அந்தக் கடை பாய்க்கும் எனக்கும் பழைய பேப்பர் போட்ட வகையில் இருபது வருஷச் சிநேகம். வாழ்க்கையில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஆனால் பாட்டிலைத் தட்டிப் பார்த்து ஊர் சொல்வார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் லேபிளைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தார், கட்டைவிரலால் தடவினார், சிரித்தார்.

"தோஸ்து, இது என் பாட்டிலு."

"இன்னா பாய் சொல்ற?"

"போன மாசம் நான் வித்தது. லேபிளு மூலையில கற கீது பாரு. அது என் டீ."

"அப்ப உள்ள இருக்கிறது?"

"அத குட்தவன கேளு. நமக்குக் கண்ணாடி மட்டும்தான் தெரியும்."

"இத மாதிரி காலி பாட்டில யாரு பாய் வாங்குவாங்க?"

"எல்லாரும் மணி பிளான்ட் வெக்கிறதுக்குத்தான் வாங்குவாங்க. அப்டிதான் சொல்வாங்க. நான் மேல கேக்குறதில்ல." ஒரு பீங்கான் கோப்பையில் எனக்கு டீ ஊற்றினார். "அதுல பாதிப் பேரு கலீஜு பசங்க, இந்த பாட்டில உன் கையில குட்தவன மாதிரி. ஆனா மருவாதியான ஆளுங்களும் வருவாங்க. ஒருத்தரு வருவாரு, திருவொத்தியூரு. கப்பல்ல வேல பாத்தவரு. எடது கையில வெள்ள டவலு மடிச்சுப் போட்டுகினு..."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"வருசத்துக்கு ஒரு தபா, ரெண்டு தபா வருவாரு. பை நெறைய காலி அரிஷ்டம் பாட்டிலு. அதப் போட்டுட்டு, ஒரே ஒரு போர்ட்டு பாட்டிலு எடுத்துகினு போவாரு. லேபிளு கிழியக்கூடாது, மூடி இருக்கணும். மணி பிளான்டுக்கு மூடி எதுக்கு? நான் கேக்கல."

"இப்பவும் வராரா?"

"நாலு வருசமா ஆளையே காணும். இப்ப அவரே குடிக்கிறாரு போல, அரிஷ்டம் பாட்டில மட்டும் வண்டிக்காரன்கிட்ட குட்து வுடுறாரு. போர்ட்டு பாட்டிலு வோணாம்னு சொல்ட்டாராம். இன்னா மனக்கஷ்டமோ." பாய் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா தோஸ்து, டீ ஆறிப்போச்சா?"

பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். மச்சான் வீட்டை எனக்குத் தெரியும். அங்கே ஒரு மணி பிளான்ட் கிடையாது. துளசிகூடக் கிடையாது, செடி வைத்தால் கொசு வரும் என்பவர்.

காண்டிராக்டில் கப்பல் ஏறியவருக்குப் பென்ஷன் ஏது? கரையில் கால் வைத்த நாளோடு பாட்டில் வருவதும் நின்றிருக்கிறது. ஆனால் விசேஷங்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் நாங்கள் எல்லோரும் டம்ளரோடு அவர் முகத்தைப் பார்த்திருக்கிறோம். 'மாமா பாட்டிலு எங்க?' என்று என் மகளே எத்தனை தடவை கேட்டிருப்பாள். மனிதர் என்ன செய்வார்? கடைத்தெருவில் கிடைப்பதில் அதற்கு மிக நெருங்கிய ருசி எதுவோ அதை வாங்கி, அந்த அரிஷ்டத்துக்கு ஒரு பழைய போர்ட் பாட்டிலைச் சட்டையாக மாட்டிக் கொண்டுவந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாமியார் இரண்டாவது ரவுண்டு கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. ஜோக் என்று நினைத்து, பன்னிரண்டு பேர் முன்னால், அட்சரம் பிசகாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். பன்னீர் சோடா மேல் பழி விழுந்த அந்த நான்கு வருஷமும் சோடா நிரபராதி. நான் தன்னைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் நினைத்திருக்கிறார். நிச்சயதார்த்தத்துக்கு வந்தால் மறுபடியும் எல்லோரும் பாட்டில் கேட்பார்கள். அசலை வாங்க முடியாது. மற்றதைக் கொண்டுவர முடியாது. அதனால் 'பாக்கலாம்'.

மனைவியிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சுவாரசியமான விஷயத்தை நான் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை. அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. "வாயு" என்று மனைவி பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் புரோக்கரிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, "லேபிள்ல டீ கறை கீதுப்பா" என்றேன். "கப்பல்ல டீ குடிக்கமாட்டாங்களா சார்?" என்றார். கெட்டிக்காரர்தான்.

சனிக்கிழமை, ஏசி போட்ட ஒரு மாலுக்குள் இருக்கும் பெரிய கடைக்குப் போனேன். இங்கே கம்பி வலை இல்லை. பாட்டில்களுக்கு விளக்கு போட்டிருந்தார்கள். யாரும் பிரசவமா என்று கேட்கவில்லை. அந்த மரியாதையே விலையைச் சொல்லிவிட்டது. முந்தின ராத்திரி முழுக்க போனில் வீடியோ பார்த்துத் தயாராகியிருந்தேன். மரப்பீப்பாயில் பல வருஷம் கிடந்து பழுப்பேறியது டானி, இளசாகச் சிவப்பாக இருப்பது ரூபி. தைரியமாக, "டானி இருக்குங்களா?" என்றேன்.

மேல் தட்டில் காட்டினார் கடைக்காரர். விலைச் சீட்டைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்த பிறகும் அதே விலை. அதற்கு ஒரு கிரைண்டர் வாங்கி, மிச்சத்துக்கு உளுந்தும் வாங்கலாம்.

"வாஷிங் மெஷினுக்குக் குடுக்கிற மாதிரி தவணை உண்டுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நாள் முழுக்க இப்படி யாராவது வருவார்கள் போலிருக்கிறது. குனிந்து, விளக்கு எட்டாத கீழ்த் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"ரூபி சார். இதுவும் டானி வர்ற அதே ஊர்லேருந்து வர்றதுதான். வயசு கம்மி, அவ்வளவுதான். ஜாஸ்தி பேர் கேக்கறதில்ல, அதான் கீழ இருக்கு. தொறந்தாலும் ஒரு மாசம் கெடாது."

அந்த விலையும் குறைவில்லை. ஆனால் என் கண்ணாடி ஃபிரேமும் அதுவும் ஏறக்குறைய ஒரே விலை. பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஆறு மாதம் தாங்கும். நல்லதாகவும் கைக்கு எட்டுவதாகவும் போர்ட் தேடும் எல்லோருக்கும் நான் கண்டுபிடித்துச் சொல்லக்கூடியது இதுதான்: விளக்கு எட்டாத தட்டில் பாருங்கள், கண் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேட்டிப் பெட்டிக்குள் பாட்டிலைப் படுக்கவைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் போனேன். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதில் அரை மணி நேரம் ஒரே இடம். பக்கத்தில் இருந்த அம்மா, "வேட்டிய எதுக்குப்பா கொழந்த மாதிரி புடிச்சிகினு கீற?" என்றார்.

மச்சான் கதவைத் திறந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. அவர் மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்.

"வா மாப்ள. இன்னா, சோடா கொண்ணாந்தியா?"

உட்கார்ந்தேன். வீட்டு நலம் ஊர் நலம் எல்லாம் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோனது. அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் டவல், தட்டு, இரண்டு குட்டி எவர்சில்வர் டம்ளர், ஒரு போர்ட் பாட்டில். லேபிள் கிழியவில்லை. மூடி இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் வாங்கியதில் கடைசியாக இருக்கும்.

"குடி. இருவது வருசம்" என்றார். ஊற்றிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குடித்தேன். அரிஷ்டம். இப்போது தெரிந்துவிட்டதால் சந்தேகமே இல்லாத அரிஷ்டம். நாக்கு நுனிக்கு ஒரே நேரத்தில் மூன்று ஜோக் வந்தன. அதில் இரண்டாவது உண்மையிலேயே நல்ல ஜோக். இன்றுவரை வேறெங்கும் பயன்படுத்த முடியவில்லை. மூன்றையும் அந்த வாயோடு சேர்த்து விழுங்கினேன்.

"எப்டி கீது?"

"நல்லா கீது மச்சான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

சந்தேகமாகக் குனிந்து பார்த்தார். "ஏன் மாப்ள, ஒடம்பு சரியில்லையா?"

வேட்டிப் பெட்டியைத் திறந்து ரூபியை எடுத்துத் தட்டில் வைத்தேன். பல தடவை ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொன்னேன். "இது உங்ககிட்ட இருக்கட்டும் மச்சான். எங்க வூட்ல இருந்தா நான் சும்மா இருக்கமாட்டேன். நிச்சயத்தன்னைக்கு நீங்க எடுத்துனு வந்து நீங்களே ஊத்துங்க. எப்பவும் மாமா பாட்டிலுதான? என் கையால வந்தா ஒருத்தனும் தொடமாட்டான். பன்னீர் சோடா மேட்டரு ராயபுரம் பூரா தெரியும்."

பாட்டிலை எடுத்து, டவலால் கழுத்திலிருந்து அடிவரை துடைத்தார். ஜன்னல் பக்கம் சாய்த்து லேபிளைப் படித்தார். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓயும்வரை படித்தார்.

"எவ்ளோ குட்த?"

"கேக்காதீங்க."

"கண்ணாடில இன்னா பிளாஸ்திரி?"

"இப்ப இதான் ஃபேஷன்."

பாட்டிலைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என் டம்ளரைப் பார்த்தார். அடிவரை காலியாக இருந்தது. ஸ்டூவர்டாக இருந்தவர்கள் அதையெல்லாம் கவனிப்பார்கள்.

"ரூபி" என்றார். "சின்னப் பசங்க குடிக்கிறது. கப்பல்ல இத நாங்க சமையலுக்கு வெச்சிருப்போம். பரவால்ல, உன் வசதிக்கு இது போதும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. என்னை மட்டம் தட்டிவிட்டார் என்றால் வருவார்.

"ஒண்ணு சொல்லிட்டேன் மாப்ள. அந்த வூட்ல ஒரு சோடா பாட்டிலு இருக்கக்கூடாது. பன்னீரா இருந்தாலும் செரி, கோலியா இருந்தாலும் செரி."

"செரி மச்சான்."

"தங்கச்சிகிட்ட சொல்லு, மால நானே வாங்கினு வரேன்னு. அவ வாங்குனா வாடுனதா வாங்குவா."

நிச்சயதார்த்தத்தன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரிடமும் பேசுவதற்கு முன் நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். மூடினார். பிறகுதான் தங்கச்சியிடம், "இன்னாம்மா, எளச்சிட்ட" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து முறைத்தாள்.

மண்டபத்தில் தாய்மாமன் மாலை போட்டு மருமகளை மேடைக்குக் கூட்டிவந்தார். எல்லா போட்டோவிலும் அவர் கையில் டவல் இருக்கிறது. என் கண்ணாடியில் பிளாஸ்திரி இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், சம்பந்தி வீட்டாரும் நெருங்கிய சொந்தமுமாகப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். மச்சான் எழுந்தார். குட்டி டம்ளர்கள் வரிசையாக வந்தன. "இந்தப் பொண்ணு பொறந்தப்ப ஒண்ணு கொண்ணாந்தேன். இப்ப ஒண்ணு" என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு ஊற்ற ஆரம்பித்தார். ஜக் கிடையாது. பாட்டிலிலிருந்து நேராக, இரண்டு விரல் உயரம், ஒரு சொட்டு சிந்தவில்லை.

அன்றைய பன்னிரண்டு பேரில் ஒருவரான என் சித்தப்பா மகன் விடுவானா? டம்ளரைத் தூக்கிக்கொண்டு, "இன்னாண்ணே, இந்த தபா எப்டி? இதுவும் அரிஷ்டந்தானா?" என்றான்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். மாமியார் சிரிக்கத் தயாராக முந்தானையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். மச்சான் கை அப்படியே நின்றது. பாட்டில் சாய்ந்திருந்தது, ஒன்றும் விழவில்லை.

"எனக்கு எது அரிஷ்டம், எது போர்ட்டுன்னே தெரியாதுடா" என்றேன். "அன்னைக்கும் தெரியாது. சும்மா பெரிய மனுசன் மாதிரி வாய வுட்டேன். இங்கிலீசு நாவல்ல படிச்சதோட செரி."

சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து. சம்பந்திகூட, வந்த முதல் நாள் என்ற கூச்சம் இல்லாமல் சிரித்தார். "எங்கப்பாக்கு டீக்கும் காபிக்குமே வித்தியாசம் தெரியாது மாமா" என்று மகள் எடுத்துக் கொடுத்தாள். மச்சான் கை மறுபடி நகர்ந்தது. என் டம்ளரில் மட்டும் மூன்று விரல் உயரம் விழுந்தது.

நிஜத்திலேயே எனக்கு அன்று வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் இனிப்பு, இரண்டும் சிவப்பு, இரண்டும் நெஞ்சில் கதகதப்பு. மாமியார் இரண்டாவது ரவுண்டு கேட்டார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சான் காலி பாட்டிலைக் கழுவி, டவலால் துடைத்து, லேபிள் நனையாமல் ஒரு பேப்பரில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார்.

"காலி பாட்டிலு எதுக்குண்ணே?" என்றாள் அவள்.

"மணி பிளான்ட் வெக்க" என்றார் மச்சான், என்னைப் பார்க்காமல். "கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு மாசம் கீதுல்ல."

அவளுக்கு இரண்டுக்கும் சம்பந்தம் புரியவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டாள். மச்சான் பையை மூடப் போனவர், மறுபடி திறந்து, மேஜையின் மேலும் கீழும் எதையோ தேடினார்.

மூடியை நான்தான் சட்டைப் பையில் எடுத்து வைத்திருந்தேன். நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.